கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டை: செந்தூலிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜூன் 6-ஆம் தேதி, வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் ஒரு காற்பந்துக் கழகம், ஏறக்குறைய நூறாண்டாகப் போட்டுவந்த நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு இனிமேல் சிவப்பில் ஆடப்போவதாக அறிவித்தது. முடிவெடுத்தவர் கழகத்தின் முதலாளி. அவர் மலேசியர், பெர்ஜாயா குழுமத்தை உருவாக்கிய டான் ஸ்ரீ வின்சென்ட் டான். கோலாலம்பூரின் இம்பி பக்கம் போகிற யாரும் அந்தக் குழுமத்தின் டைம்ஸ் ஸ்குவேர் கட்டடத்தைப் பார்க்காமல் தாண்ட முடியாது. 31 மாதங்கள் கழித்து, 2015 ஜனவரி 9-ஆம் தேதி, அதே முதலாளி நீலத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த 31 மாதங்களைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். காசு போட்டவர் சட்டை நிறத்தை மாற்றினால் என்ன தப்பு, அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றியே கிடையாது என்பது ஒரு பேச்சு. பணக்காரருக்குக் காற்பந்து புரியவில்லை, கெடுத்துவிட்டார் என்பது இன்னொரு பேச்சு. இரண்டு பேச்சிலும் அந்தக் கழகத்தை நூறு வருஷமாகத் தூக்கி நிறுத்திய தொழிலாளி வருவதே இல்லை. கோலாலம்பூர்த் தமிழர்கள், அதிலும் ரயில்வே பட்டறையும் தோட்டமும் பின்னணியாகக் கொண்ட நாம், இந்தக் கதையை அவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சட்டை என்ன நிறம் என்பதைவிட, அந்த நிறத்தைத் தீர்மானித்த அறையில் யாருக்கு இடம் இருந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

கரித் துறைமுகம், குப்பை மேடு

கார்டிஃப் நிலக்கரியால் வளர்ந்த ஊர். ரோண்டா போன்ற பள்ளத்தாக்குகளில் வெட்டிய கரி, ரயிலில் இறங்கி வந்து இங்கே கப்பலேறியது. 1913-இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் இந்தத் துறைமுகம் வழியாகப் போனது. துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுனில் சோமாலியர், ஏமனியர், இந்தியக் கடலோடிகள், மேற்கிந்தியத் தீவினர் என்று பல நாட்டுக் கப்பல் தொழிலாளர்கள் குடியேறினார்கள். தொழிலாளர் ஊர் என்றால் வெள்ளைக்காரர் ஊர் என்று நாம் சட்டென்று நினைத்துக்கொள்கிறோம். கார்டிஃப் அப்படி இருந்ததில்லை. போர்ட் கிள்ளானையோ பினாங்குத் துறைமுகத்தையோ பார்த்தவர்களுக்கு அந்தக் கலப்பு எளிதாகப் புரியும்.

கழகம் 1899-இல் தொடங்கியது. பார்ட்லி வில்சன் என்ற அச்சுக்கலைத் தொழிலாளி, ரிவர்சைட் கிரிக்கெட் குழுவின் ஆட்டக்காரர்கள் குளிர்காலத்தில் பிரிந்து போகக் கூடாது என்பதற்காக ரிவர்சைட் ஏஎஃப்சி என்று ஒரு குழுவை ஆரம்பித்தார். அப்போது சட்டை நீலமே கிடையாது. சாக்லேட் நிறமும் அம்பர் மஞ்சளும் கலந்த சட்டை. 1905-இல் கார்டிஃபுக்கு மாநகர அந்தஸ்து கிடைத்து, 1908-இல் கழகம் கார்டிஃப் சிட்டி என்று பெயர் மாறி, 1910-இல் சம்பள ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்ட காலத்தையொட்டித்தான் நீலம் நிலைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நீலம் பிறவி நிறம் என்ற வாதம் செல்லாது.

1910-இல் திறந்த நினியன் பார்க் திடல், ஒரு பழைய குப்பை மேட்டைச் சமப்படுத்திக் கட்டியது. அங்கே ஒரு பக்க நிற்குமிடத்துக்கு பாப் பேங்க் என்று பெயர், காரணம் நுழைவு ஒரு ஷில்லிங், பேச்சு வழக்கில் ஒரு 'பாப்'. அந்த ஒரு ஷில்லிங் தொழிலாளியின் கூலியிலிருந்துதான் வர வேண்டும். கரி விலை ஏறினால் திடல் நிரம்பும், சுரங்கம் மூடினால் கூட்டம் குறையும். ஒரு கழகம் தன் ஊரின் சம்பளத்தோடு இவ்வளவு நேரடியாகக் கட்டுண்டு கிடந்ததை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

1926 மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். அது ஒன்பது நாளில் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் நவம்பர் வரை தாக்குப்பிடித்து, தோற்று, குறைந்த கூலிக்கு வேலைக்குத் திரும்பினார்கள். அதற்கு அடுத்த ஏப்ரலில், 1927 ஏப்ரல் 23-ஆம் தேதி, கார்டிஃப் சிட்டி வெம்ப்ளியில் ஆர்சனலை 1-0 என்று வென்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கத்தின் எஃப்ஏ கிண்ணத்தைத் தூக்கியது. அடித்தவர் ஹியூயி ஃபெர்குசன். ஆர்சனல் கோல்காவலர் டான் லூயிஸ் பந்தைப் பிடித்தும் நழுவவிட்டார், அவரும் வேல்ஸ்காரர்தான். 91,206 பேர் பார்த்தார்கள், வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான முதல் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம் அது. இங்கிலாந்தைவிட்டு அந்தக் கிண்ணம் வெளியே போனது அன்றோடு சரி, இன்றுவரை வேறு எவரும் கொண்டுபோகவில்லை.

அன்றைய தலைவர் ஃப்ரெட் கீனர். கார்டிஃபின் ரோத் பகுதியில் பிறந்த கொத்தனார் வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போரில் காற்பந்து வீரர்களுக்கென்று அமைத்த பட்டாளத்தில் சேர்ந்து, 1916-இல் சோம் போர்க்களத்தில் காலில் காயம்பட்டவர். மறுபடி ஆடவே முடியாது என்ற நிலையிலிருந்து திரும்பி வந்து கிண்ணத்தை வாங்கியவர். ஒரு ஊர் தன்னை ஒரு மனிதரில் பார்த்துக்கொள்ளும் என்றால், கார்டிஃப் கீனரில் பார்த்துக்கொண்டது.

அதன் பிறகு இறக்கம் வேகமாக வந்தது. கரித் தொழில் சரிந்தது, கழகமும் கூடவே சரிந்தது. 1931-இல் மூன்றாம் டிவிஷனில் விழுந்து, 1934-இல் அதிலும் கடைசி இடத்துக்குப் போய், லீக்கில் நீடிக்க மற்ற கழகங்களிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. பின்னால் ஈஸ்ட் மூர்ஸ் இரும்பாலை 1978-இல் மூடியது. 1984-85 சுரங்க வேலைநிறுத்தமும் தோற்றது. துறைமுகம் இன்று உணவகங்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த கார்டிஃப் பே. அந்தக் காலத்து வேலைகளில் பெரும்பகுதி மிச்சமில்லாத ஊரில், சனிக்கிழமை மதியம் பழைய முகங்கள் ஒன்றாகக் கூடிய இடம் திடல் ஒன்றுதான். 2009 ஏப்ரலில் நினியன் பார்க்கில் கடைசி ஆட்டம் முடிந்து, எதிர்ப்பக்கத்தில் புதுத் திடல் வந்த பிறகு, கையில் மிஞ்சியது பெயரும் நீலச் சட்டையும் நீலப் பறவைச் சின்னமும்.

2012-இல் கையை வைத்தது அந்த மிச்சத்தின் மேல்.

பணம் வந்த விதம்

வின்சென்ட் டான் தரப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2010-இல் மலேசிய முதலீட்டாளர்கள் வந்தபோது கழகம் கழுத்தளவு கடனில் இருந்தது. வரி பாக்கிக்காக வரித்துறை கழகத்தைக் கலைக்கக் கோரி நீதிமன்றம் போயிருந்தது. பழைய முதலாளிகள் காலத்துக் கடன் வேறு. அந்த நேரத்தில் பணம் வராமல் போயிருந்தால், நிறத்தைப் பற்றி விவாதிக்கக் கழகமே இருந்திருக்காது.

சிவப்புக்கு அவர் சொன்ன காரணங்களும் வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கக்கூடியவை இல்லை. ஆசியச் சந்தையில் சிவப்பு மங்கலமான நிறம், வேல்ஸ் கொடியில் இருப்பது சிவப்பு டிராகன், வேல்ஸ் தேசியக் குழு ஆடுவதும் சிவப்பில்தான். 2012 மே மாதம் இந்தத் திட்டம் வெளியே கசிந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியதும், அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். சில வாரங்களிலேயே, பயிற்சி வசதிக்கும் திடல் விரிவாக்கத்துக்கும் கடன் தீர்ப்பதற்கும் முதலீடு என்ற உறுதியோடு சேர்த்து, மறுபடியும் கொண்டுவந்தார்கள். புதுச் சின்னத்தில் டிராகன் பெரிதாக நின்றது. நீலப் பறவை அதன் அடியில் சிறிதாக ஒடுங்கிவிட்டது.

ஆதரவாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பணம் வந்தால் மேல்மட்ட லீக்கான பிரிமியர் லீக் போகலாம், நிறம் போனால் போகட்டும் என்று பலர் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1962-க்குப் பிறகு மேல்மட்ட டிவிஷனைப் பார்க்காத ஊர் அது. 2013-இல் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை வென்று பிரிமியர் லீக் ஏறினார்கள், சிவப்பில்.

அந்த ஆண்டு இங்கே நாம் பார்த்ததும் நினைவிருக்கும். சட்டையின் நெஞ்சில் மலேசியாவின் பெயர். ஆகஸ்டில் அவர்கள் மான்செஸ்டர் சிட்டியை 3-2 என்று வீழ்த்திய ஞாயிறு இரவு, கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் பகுதியின் மாமாக் உணவுக் கடைகளில் யுனைடெட், லிவர்பூல் ஆதரவாளர்கள்கூட "நம்ம டீம்" என்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் அந்தச் சீசன் நன்றாக முடியவில்லை. 2013 டிசம்பரில் மேலாளர் மால்கி மெக்கே நீக்கப்பட்டார். ஜனவரியில் ஓலே குன்னார் சோல்ஷர் வந்தார். மே மாதம் கழகம் 30 புள்ளியோடு கடைசி இடத்தில் கீழே இறங்கியது. ஆதரவாளர்கள் நீலத் துண்டுகளோடு ஊர்வலம் போனார்கள், இருக்கைகள் காலியாகத் தொடங்கின. கடைசியில் 2015 ஜனவரியில், ஒற்றுமையும் மகிழ்ச்சியும் முக்கியம் என்று தன் தாயார் எடுத்துச் சொன்னதாகக் கூறி, டான் நீலத்துக்குத் திரும்ப ஒப்புக்கொண்டார். மறுநாளே ஃபுல்ஹாமோடு நீலத்தில் ஆடினார்கள், 0-1 தோற்றார்கள். அன்று அந்தத் தோல்வி பெரிதாகத் தெரியவில்லை.

சிலை, சட்டை, வாக்கு

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சிலை. 2012 நவம்பரில், சட்டை சிவப்பாகி ஐந்தே மாதத்தில், கார்டிஃப் சிட்டி திடலின் வாசலில் ஃப்ரெட் கீனரின் சிலையைத் திறந்தார்கள். 1927 கிண்ணத்தை ஏந்தி நிற்கிறார். அதற்குப் பணம் திரட்டி முன்னின்றது ஆதரவாளர் அறக்கட்டளை. வெளியே, சொந்தக் காசில் தங்கள் வரலாற்றை நிறுத்தி வைக்க அவர்களால் முடிந்தது. உள்ளே, ஆடுகிற சட்டையைப் பற்றி ஒரு வாக்குக்கூட அவர்களிடம் கிடையாது. சிலைக்குச் சொந்தக்காரர்கள், கழகத்துக்கு வாடிக்கையாளர்கள்.

நீலம் பிறவி நிறமில்லை என்று மேலே சொன்னேன். அதனால் மாற்றம் என்பதே குற்றம் ஆகிவிடாது. 1908-இல் பெயர் மாறியது, 1910-இல் எல்லாமே மாறியது. அந்த மாற்றங்களை அந்த ஊரில் வாழ்ந்து, அந்தத் திடலுக்குப் போய்வந்த மனிதர்கள் செய்தார்கள். 2012-இல் முடிவு கடல் தாண்டி வந்தது. "எங்கள் முதலீடு வேண்டுமென்றால் இதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்ற தோரணையில் வந்தது. தொழிலாளிக்கு இந்தத் தோரணை புதிதில்லை. 1926-இல் சுரங்க முதலாளிகளும் இதே மாதிரிதான் பேசினார்கள்: கூலியைக் குறைத்துக்கொள், இல்லையென்றால் வாயில் திறக்காது. சட்டை விஷயத்தில் வெளிவந்த கோபத்தின் அளவைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய நினைவு உதவும் என்று நம்புகிறேன்.

வேறு வழி இருந்ததா என்றால், அதே தெற்கு வேல்ஸில் இருந்தது. கைனன் பள்ளத்தாக்கில் டவர் சுரங்கம் 1994-இல் மூடப்பட்டபோது, 239 தொழிலாளர்கள் தங்கள் வேலையிழப்புத் தொகையிலிருந்து ஆளுக்கு 8,000 பவுன் போட்டு அதை வாங்கினார்கள். 1995 ஜனவரியில் திறந்து 2008 வரை அவர்களே நடத்தினார்கள். காற்பந்தில், பக்கத்து ஊரான சுவான்சியில் ஆதரவாளர் அறக்கட்டளை கழகத்தின் ஐந்தில் ஒரு பங்கை வைத்திருந்தது, பிரிமியர் லீக்கில் ஆடிய காலத்திலும். ஆனால் 2016-இல் மற்ற பங்குதாரர்கள் அமெரிக்க முதலீட்டாளர்களுக்கு விற்றபோது அறக்கட்டளையை ஒதுக்கிவிட்டே பேச்சு நடந்தது. ஆக, கொஞ்சம் பங்கு கையில் இருந்தாலே போதும் என்று நம்பிவிடக் கூடாது. எந்த விஷயத்துக்கு யாருடைய சம்மதம் தேவை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த எழுத்து இங்கிலாந்தில் மெதுவாக வந்தது. 2014 ஏப்ரலில் ஹல் சிட்டியின் பெயரை ஹல் டைகர்ஸ் என்று மாற்ற முதலாளி கேட்டபோது இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் மறுத்தது. பெயருக்கு விதி இருந்தது, நிறத்துக்கு இல்லை, அதனால்தான் கார்டிஃபில் தடுக்க யாராலும் முடியவில்லை. 2025 ஜூலையில் சட்டமான காற்பந்து நிர்வாகச் சட்டம், சின்னத்தையும் சொந்தத் திடல் சட்டையின் நிறத்தையும் மாற்ற ஆதரவாளர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு வேண்டும் என்கிறது. கார்டிஃப், ஹல் போன்ற ஊர்களில் தெருவில் நின்று கத்தியவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

நம் பக்கம்

செந்தூலில் ரயில்வே மத்தியப் பட்டறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. இஞ்சின் பழுதுபார்ப்பதிலிருந்து பெட்டி கட்டுவது வரை அங்கே நடந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள், எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத்தார். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுப் பட்டறையைச் சிதைத்தன, பிறகு மறுபடி எழுப்பினார்கள். காலப்போக்கில் வேலைகள் பேராக்கின் பத்து காஜாவுக்குப் போயின. பழைய ரயில்வே நிலத்தின் ஒரு பகுதியில் 2005-இல் கலை மையம் திறந்தது, சுற்றிலும் கொண்டோமினியங்கள் எழுந்தன. கலை மையம் நல்லதுதான், நானே நாடகம் பார்க்கப் போயிருக்கிறேன். பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "எங்க சைரன் சத்தத்துக்குத்தான் இந்த ஏரியாவே எழுந்திரிக்கும் தம்பி. அதை நிறுத்தினப்போ எங்களை யாரும் கேக்கல." கார்டிஃப்காரர்கள் சட்டையைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

காற்பந்தில் நம் நினைவு முழுக்க ஆட்களைச் சுற்றியே இருக்கிறது. ஸ்பைடர்மேன் என்று கொண்டாடிய கோல்காவலர் ஆர். ஆறுமுகம், 1980-இல் ஸ்டேடியம் மெர்டேக்காவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவில் இருந்தவர். 2010-இல் ஆசியான் நாடுகளின் சுசுகி கிண்ணத்தை மலேசியாவுக்கு வாங்கித் தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். இவர்கள் பெயரை எந்தத் தமிழ்ப்பள்ளித் திடலில் கேட்டாலும் பெரியவர்கள் உடனே சொல்வார்கள். கழகம் என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

ஒரு கழகம் நம்மிடம் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு. 2017-இல் மலேசியாவின் இரண்டாம் நிலை லீக்கான மலேசிய பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் மேல்மட்ட சூப்பர் லீக் ஏறியபோது பெட்டாலிங் ஜெயா சிட்டி ஆனது. கடைசி சீசனில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவரையும் எடுக்காமல் உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஆடியது, அதை இன்னும் பெருமையாக நினைக்கிறேன். 2022 சீசனோடு லீக்கிலிருந்து விலகியது. சூப்பர் லீக்கில் ஒரு குழுவை நடத்த ஆகும் செலவை யோசித்தால், பணம் போட்டவர்களை நான் பழிக்கமாட்டேன். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு நிலக்குடியேற்றவாசிகளின் பெயரைத் தாங்கிய ஃபெல்டா யுனைடெட்டும் இப்படித்தான் விலகியது. என்னை உறுத்துவது வேறு. மிஃபா பெயர் மாறிய நாளிலும், குழுவே இல்லாமல் போன நாளிலும், நீலத் துண்டோடு தெருவில் இறங்கிய கார்டிஃப்காரர் மாதிரி நம்மில் யாரும் இறங்கியதை நான் பார்க்கவில்லை. நமக்கு அன்பு குறைவா? இல்லை. சந்தா கட்டிய உறுப்பினர் என்று, கூட்டத்தில் கை தூக்கும் ஆள் என்று, நம்மை யாரும் சேர்த்ததில்லை. நாமும் கேட்டதில்லை.

செந்தூலில் வார இறுதி லீக்கில் ஆடும் ஒரு சின்னக் குழுவுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். லோரி ஓட்டுநர்கள், பட்டறைப் பையன்கள், பாதுகாவலர்கள் ஆடும் குழு. போன ஆண்டு ஒரு வியாபாரி வந்தார். ஜெர்சி, காலணி, திடல் வாடகை எல்லாம் தருகிறேன், குழுவின் பெயரும் நிறமும் என் கடையுடையதாக இருக்கட்டும் என்றார். நல்ல மனிதர், கேட்டதும் நியாயமான விளம்பரம். பையன்களில் பாதிப் பேர் உடனே சரி என்றார்கள், காலணி பிய்ந்து கிடக்கிறவன் வேறென்ன சொல்வான். அந்த விவாதத்துக்காகத்தான் கார்டிஃப் கதையை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

குழுவில் நான் வைத்த யோசனைகள் இவை. முதலில், 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் குழுவை முறையாகப் பதிவு செய்வது. பதிவு இல்லாத குழுவுக்கு விதி எழுதினாலும் அது காகிதம் மட்டும்தான். அடுத்து, ஆடுகிறவர், பழைய ஆட்டக்காரர், தவறாமல் பார்க்க வருகிற பகுதிக்காரர் எல்லாரும் சின்னச் சந்தாவில் உறுப்பினர் ஆகலாம், ஒருவருக்கு ஒரு வாக்கு, எவ்வளவு நன்கொடை தந்தாலும் கூடுதல் வாக்குக் கிடையாது. பெயர், நிறம், சின்னம், திடல் ஆகிய நான்கையும் மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அதுவும் ஒரு மாத இடைவெளியில் நடக்கும் இரண்டு கூட்டங்களில். ஆதரவு தருபவரின் பெயர் சட்டையின் நெஞ்சிலும் கையிலும் போகலாம், ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு.

வியாபாரியிடம் இதைச் சொன்னோம். நெஞ்சில் பெயர் போட ஒப்புக்கொண்டார், தொகையைக் குறைத்துக்கொண்டார். காலணி கிடைத்தது, திடல் வாடகை எங்கள் கையிலிருந்துதான் போகிறது. சட்டை பழைய பச்சையிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அதை மாற்ற வேண்டும் என்று இரண்டு பையன்கள் தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படிவத்தை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான்.